மாமாவின் சிகரெட்டை நனைத்த நாள்

அம்மா என்னைக் கை நீட்டி அடித்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்காக. இருபது வருடமாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அடி வாங்கியதற்காக இல்லை.

அம்மாவின் தம்பி பாடி பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் வேலை போய், பருத்திப்பட்டில் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி சோப்பு. அவர் துணி எங்கள் துணியோடு ஒரே கொடியில்கூடக் காயாது. சிகரெட் மட்டும் தட்டில்லாமல் கிடைக்கும். அப்பா வேலை விட்டு வரும்போது பெட்டிக்கடையில் வாங்கி வந்து, கையில் கொடுக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார். இதற்கு எங்கள் வீட்டில் பாசம் என்று பெயர்.

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போன ஆஸ்பத்திரியிலாவது யாராவது கேட்டார்களா? வேளை தவறாமல் மாத்திரை போடுகிறாரா என்று மட்டும் கேட்பார்களாம். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும் பாக்கெட் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. புகை பிடித்தால் நுரையீரல் கெட்டுச் செத்துப்போவார்கள் என்று பள்ளியில் டீச்சர் சொன்னார். மாமா சாகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் கட்டையிலிருந்த புதுப் பாக்கெட்டை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கினேன்.

அம்மா பார்த்துவிட்டாள். கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"அவனே இன்னும் எத்தினி நாளு இருக்கப் போறான்? ஆசப்பட்டத குட்ச்சிட்டுப் போவட்டுமேடி!"

மாமா வாசற்படியிலேயே நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"உடுக்கா, கொயந்திக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தார்.

அம்மா சொன்னபடி அவர் போய்விடவில்லை. மாத்திரை தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. உடம்பு தேறி, மறுபடி வேலைக்குப் போய், பதினான்கு வருடம் இருந்தார். அத்தனை வருடமும் ஜன்னல் கட்டையில் பாக்கெட் தவறவில்லை. கடைசியில் நுரையீரலில் புற்று.

"எச்.ஐ.வி. கட்டுக்குள்ளதான் இருக்கு. சிகரெட்ட விடச் சொல்லி வீட்ல யாருமே சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். அப்பாவையும் விடவில்லை.

ஆனால் கத்த எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? அன்று அடித்த கையோடு அம்மா என்னை மாமா முன்னால் நிறுத்தி, மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். அந்த வீட்டில் அவர் பிழைப்பார் என்று நினைத்தவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"இனிமே உன் சிகரெட்ட தொட மாட்டேன் மாமா" என்று தேம்பிக்கொண்டே சத்தியம் செய்தேன். சொன்னபடி கடைசிவரை தொடவேயில்லை.