சுத்த ரிஷபத்தில் இறங்கிய மனுசன்

என் மனுசன் வைரவநாதனுக்குக் கிட்டார் விசர் பிடித்தது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டில். அதற்கு முன் அவர் பதுளைத் தபால் கந்தோரில், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர். தோட்டத்தை விட்டு இங்கிலாந்துக்குப் போன ஒரு துரையின் கிட்டாரை ஒருநாள் தோளில் கொழுவிக்கொண்டு வந்து நின்றார். நான் கலியாணத்துக்கு முன் வீணை படித்தவள். வீட்டில் ஏதோ ஒரு கம்பி வாத்தியம் கேட்கட்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். பின்னால் இவ்வளவு இருக்கிறதென்று நான் கண்டேனா?

பதுளையில் புஹாரி என்று ஒரு மலாய்க்காரர் இருந்தார். சாக்சபோன் வாசிப்பார். துரைமார் கிளப்புகளில் டான்ஸ் என்றால் அவருடைய பேண்டுதான். அந்தப் பேண்டில் தனக்கும் உட்கார்ந்து வாசிக்க ஒரு கதிரை வேண்டும் என்று இவருக்கு ஆசை. புஹாரி ஒரேயொரு நிபந்தனை போட்டார். பாட்டு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவும்போது இடையில் ஓடுவதற்கு 'டிமினிஷ்ட் ஸ்கேல்' என்று ஒன்று இருக்கிறதாம். அது கைக்கு வந்தால் கதிரை.

சொல்லப்போனால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வீணையைப் போலக் கிட்டாரிலும் கம்பிக்குக் கீழே விரல் வைக்க வரிசையாக மெட்டுகள் உண்டு. நடுவில் ஒரு மெட்டை விட்டுத் தாண்ட வேண்டும், பிறகு அடுத்த மெட்டை ஒட்ட வேண்டும். தாண்டு, ஒட்டு, தாண்டு, ஒட்டு. அவ்வளவுதான். ஆனால் கேட்டால் தலை சுற்றும். ஏழு சுரத்துக்குப் பதில் எட்டு. இரண்டு மத்திமமும் ஒட்டிக்கொண்டு நிற்கும், இரண்டு தைவதமும் ஒட்டிக்கொண்டு நிற்கும், பஞ்சமத்தை மருந்துக்கும் காணோம். மூன்று மெட்டு மேலே தள்ளிப் பிடித்தாலும் திரும்ப அதே சுரங்கள். எது சட்ஜம், எது மற்றது என்று கடவுளுக்கும் தெரியாது.

கந்தோரால் வந்து சேர்ட்டைக்கூடக் கழற்றமாட்டார். கிட்டாரைக் கட்டிக்கொண்டு விறாந்தைக்கும் குசினிக்கும் நடையோ நடை. வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை படரும். எனக்குப் பத்திக்கொண்டு வரும். பசறை ரோட்டுத் தோட்டத்திலிருந்து பால் கொண்டுவருகிற பொன்னையா ஒருநாள் வாசலில் நின்று கேட்டான்:

"ஏங்கம்மா, ஐயா எதையோ தொலைச்சுப்புட்டுத் தேடிக்கிட்டே இருக்காருங்களே, இன்னும் கிடைக்கலீங்களா?"

"அவரிட்டயே கேள்!" என்று செம்பைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வந்து சிரித்தேன்.

தமிழரைத் தேடித் தேடி அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரம் முடிந்ததும் என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி வந்தார். "தம்பி, இஞ்ச இருந்தது காணும். ஊருக்கு மாற்றம் கேளுங்கோ" என்றார். நானும் அதையே சொன்னேன். ஒவ்வொரு ராத்திரியும் கதவுக்கு மேசையை முட்டுக்கொடுத்துப் படுத்தவள் நான், எனக்குத்தான் அந்தப் பயம் தெரியும். அப்பா போனபிறகுதான் இவர் வாயைத் திறந்தார்.

"ஊரில நான் ஆரோ ஒருத்தற்றை மருமோன், ஆரோ ஒருத்தற்றை மகன். இஞ்ச எனக்கெண்டு ஒரு இடம் கிடைக்கப் பாக்குது, லீலா."

"எப்ப கிடைக்கும்? நாங்கள் செத்தாப் பிறகோ?"

இழுபறிப்பட்டுக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். புஹாரி கூப்பிட்டு ஒரு டான்ஸில் வாசிக்கச் சொல்வார். அதில் கதிரை கிடைத்தால் பதுளை. கிடைக்காவிட்டால் மறுநாளே மாற்றம் கேட்பது. பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று இருவரும் சொன்னோம்.

பழகிப்பார்க்கப் புஹாரி வீட்டுக்குப் போனவர் தொங்கின முகத்தோடு வந்தார். ஓட்டமெல்லாம் சரிதானாம், இறங்கியதுதான் பிழை. சின்ன வயதில் தேவாரம் பாடிப் பழகின ஆள் அல்லவா? எங்கே சுற்றினாலும் தொடங்கின சட்ஜத்தில்தான் வந்து படுப்பார். புஹாரி விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"கிளாக்கர் ஐயா, நீங்க புறப்பட்ட வீட்டுக்கே திரும்பிட்டீங்க. பேண்டு அடுத்த வீட்டு வாசல்ல நிக்குது!"

சட்ஜத்துக்கு மேலே, ஒட்டினாற்போல் இருக்கிற மெட்டில் இறங்க வேண்டுமாம். அதாவது சுத்த ரிஷபம். அந்த எட்டுச் சுரத்திலும் அது கிடையாது!

"சுத்த ரிஷபத்தில ஆராவது பாட்டை முடிப்பினமோ?" என்று கத்தினேன்.

"முடிக்கிறேல்லயப்பா. அங்கயிருந்துதான் அடுத்தது தொடங்குது."

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. எட்டுச் சுரமும் தண்ணீர்பட்ட பாடாக ஓடும், கடைசியில் விரல் தானாகச் சட்ஜத்தில் போய் விழும். இவர் தன் கையில் தானே ஒரு அடி போடுவார். நான் மனதுக்குள் யாழ்ப்பாணத்துக்குப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

அறுபதாம் ஆண்டுதான் புஹாரி இவரைக் கூப்பிட்டார், பண்டாரவளையில் ஒரு கிளப் டான்ஸுக்கு. புஹாரியின் மனைவி ஸைனப் என்னையும் இழுத்துக்கொண்டு போனா. குசினிப் பக்கத்து விறாந்தையில் நீளமான மரவாங்கு போட்டு எங்களை இருத்தினார்கள். பொழுது சாய்ந்து பனி இறங்க, உள்ளே ஆடுகிறவர்களின் சப்பாத்துச் சத்தம் தொடங்கியது. நான் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தேன்.

"குளிருதா தங்கச்சி?" என்று ஸைனப் தன் சால்வையில் பாதியை என்மேல் போட்டா. குளிரா அது?

இவர் ஓடிக்காட்ட வேண்டிய பாட்டு வந்தது. சாக்சபோன் விலகியது. கிட்டார் கிளம்பியது. தாண்டு, ஒட்டு, தாண்டு, ஒட்டு. ஒவ்வொரு மெட்டும் எனக்கு மனப்பாடம். நிஷாதத்துக்கு வந்துவிட்டார். இன்னும் ஒரு மெட்டுத்தான், சட்ஜம். 'வாங்கோ, வாங்கோ, வீட்டுக்கு வாங்கோ' என்று நான் வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சட்ஜத்தை மிதித்தார். நிற்கவில்லை. அடுத்த மெட்டில் இறங்கினார். இறங்கின அந்தக் கணமே முழுப் பேண்டும் அங்கே நின்று அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே ஒரு சப்பாத்தும் தடுமாறவில்லை. என் நெஞ்சுக்குள் எதுவோ அப்படியே விட்டுக்கொடுத்தது. குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

இடைவேளையில் வியர்த்து ஒழுக ஓடிவந்தார். பின்னால் புஹாரியின் சிரிப்புக் கேட்டது.

"லீலா! கேட்டனியே? கதிரை எனக்குத்தானாம்! ஏனப்பா அழுகிறாய், கோபமோ?"

"கோபந்தான். சரியா இறங்கினியளே, அதுதான் கோபம். அப்பாவுக்கு நீங்களே சொல்லுங்கோ, என்னால ஏலாது."