எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது

என்னை நீக்கினார்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் மழுப்ப வேண்டாம். தேசிய மகளிர் கால்பந்து அணியின் கோச் பதவியிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். ஒரு தொடரில் படுமோசமாகத் தோற்றோம், அது உண்மை. தோற்ற கோச்சை வீட்டுக்கு அனுப்புவது உலக வழக்கம். நானே எத்தனையோ பெண்களை அணியிலிருந்து அனுப்பியவள்தான். எனக்குக் கோபம் எல்லாம் அவர்கள் அதைச் செய்த விதத்தில்.

ஒரு பெரிய அதிகாரி என்னை அழைத்து, டீ வரவழைத்து, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். உடல்நலக் காரணத்தால் விலகுவதாக நானே சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் கௌரவமாக இருக்கும் என்றார். கொஞ்ச நாள் கழித்து ஆலோசகர் பதவி ஒன்றும் உண்டாம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். தில்லி முனிர்காவில் என் வீட்டு வாசலில் நான் ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் டி.வி.யில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.

இந்த வியாதி எனக்குப் புதிதல்ல. ஆடிய காலத்திலும் ஒருமுறை வந்திருக்கிறது. அப்பா மத்திய அரசு குமாஸ்தா. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் பூங்காவில் பையன்களோடு ஆடித்தான் வளர்ந்தேன். பின்னால் நின்று கோலைக் காக்க யாருக்கும் பிடிக்காது என்பதால் என்னை அங்கே நிறுத்தினார்கள். கடைசிவரை அதுவே என் இடமாயிற்று. இந்திய அணிக்கு ஆடியதும் அந்தத் தடுப்பாட்டக்காரியாகத்தான். எவளாவது என்னைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு போட்டி நாளன்று காலையில் அப்போதைய கோச் என்னை ஆட்டத்துக்கு எடுக்காமல் என்னிடம் ஒரு க்ரேப் பேண்டேஜைக் கொடுத்தார். முழங்காலில் சுற்றிக்கொள், காயம் என்று சொல்லிவிடலாம், உனக்கும் அசிங்கமில்லை எனக்கும் அசிங்கமில்லை என்றார். அன்றெல்லாம் அதுதான் நடைமுறை. எங்கள் பெஞ்சில் கட்டுப்போட்ட கால்களுக்குப் பஞ்சமே இருக்காது, அதில் பாதிக்கு மேல் நல்ல கால்கள். நானும் சுற்றிக்கொண்டேன். ஆட்டம் முழுக்க நல்ல காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் வலிக்கிறதா என்று விசாரித்தார்கள். நீக்கியதைவிட அந்த விசாரிப்புதான் என்னை அறுத்தது.

அதனால் நான் கோச் ஆனபோது என் அணியில் அந்தப் பேச்சே கிடையாது. யாரை எடுக்கவில்லையோ அவளை எதிரே உட்காரவைத்து, உன்னை எடுக்கவில்லை, காரணம் இது என்று சொல்லிவிடுவேன். அழுவார்கள். திட்டுவார்கள். இந்தத் தொடருக்கு முன் ஜார்க்கண்டைச் சேர்ந்த ஒரு டிஃபெண்டர் சாப்பாட்டைத் தொடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேம்பை விட்டே போனாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் ஊருக்குக் காயக்காரியாகப் போகவில்லை.

இப்போது என் வீட்டுக்கு வரிசையாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சரோஜினி நகரின் பழைய அக்கம்பக்கம் இளநீரும் ஆப்பிளும் கோவில் விபூதியுமாக வந்து இறங்கியது. ஒரு மாமி என் முகம் சுண்டிப்போய்விட்டது என்றார். நான் அப்போதுதான் பூங்காவில் ஓடி முடித்து வந்திருந்தேன். என்னைப் பயிற்சிக்குக் கேட்டிருந்த ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது. முதலில் உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம் என்று கரிசனமாகக் கதவைச் சாத்தினார்கள். சீக்காளி கோச்சை யார் வைத்துக்கொள்வார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே என் அம்மா. என்னைப் பெற்றவள், என் சமையலறையில் என்னோடு தினமும் சண்டை போடுகிறவள், என்னை விட்டுவிட்டு டி.வி.யை நம்பினாள்.

"ஏளா, எங்கிட்ட எதையும் மறைக்கியா? ஒண்ணுமில்லன்னா அவன் எதுக்குச் சொல்லுதான்?"

கஞ்சி வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் கத்தினால், பாவம், வலி தாங்காமல் கத்துகிறாள் என்று இன்னும் ஒரு டம்ளர் ஊற்றினாள்.

சும்மா இருந்துவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆலோசகர் என்றால் ஒரு அறை, ஒரு நாற்காலி, வருமானம். இத்தனை வருஷம் எல்லோரோடும் மல்லுக்கட்டிய அலுப்பு வேறு. அப்படி மனம் சாய்ந்துகொண்டிருந்தபோதுதான் கேம்பை விட்டுப் போன அந்த ஜார்க்கண்ட் பெண் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. ஹிந்தியில் நேராகக் கேட்டாள்.

"தீதீ, என்னை எடுக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. அதுக்காக உங்களைத் திட்டாத நாளில்லை. இப்ப நீங்க சொல்லுங்க. உடம்பு சரியில்லையா, இல்ல தூக்கிட்டாங்களா?"

"தூக்கிட்டாங்க," என்றேன்.

சரி என்று வைத்துவிட்டாள். அவளிடம் சொல்ல முடிந்ததை ஊரிடம் சொல்ல எனக்கு என்ன கேடு என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

பிரிவுபசார விழாவுக்கு நாள் குறித்திருந்தார்கள். அம்மாவும் வருவேன் என்று அடம்பிடித்து, வெந்நீர் பிளாஸ்கோடு கிளம்பினாள். ஹாலில் மேடைப் படியேற இரண்டு பேர் என் முழங்கைகளைத் தாங்கினார்கள். மற்றவர்களுக்குச் சாதாரண நாற்காலி, எனக்கு மட்டும் திண்டு வைத்தது. அதிகாரி என் தியாகத்தைப் பற்றிப் பேசி, நான் சீக்கிரம் குணமடைய வேண்டினார். சால்வை போர்த்தினார். மைக்கைக் கொடுத்து, சிரமப்படாமல் நன்றி மட்டும் சொன்னால் போதும் என்றார்.

எனக்கு எந்த வியாதியும் இல்லை என்று ஹிந்தியில் சொன்னேன். என்னை நீக்கியிருக்கிறார்கள், தோற்றதற்காக என்றால் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும், ஆலோசகர் பதவியும் எனக்கு வேண்டாம் என்றேன். பழக்கதோஷத்தில் யாரோ கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அதிகாரி சிரித்தபடியே மைக்கை வாங்கினார். மேடம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், பி.பி. ஏறியிருக்கும், கொஞ்சம் பிடித்து இறக்குங்கள் என்றார். அந்த இரண்டு பேரும் மறுபடி என் முழங்கைகளை நோக்கி வந்தார்கள்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மேடை என் இடுப்பு உயரம் இருக்கும். சால்வையைத் திண்டு நாற்காலியில் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேடையின் முன்பக்கமாகக் கீழே குதித்தேன். வலது முழங்காலில் சுரீர் என்றது. கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடு வழியில் நிமிர்ந்து நடந்தேன். வாசல், படிக்கட்டு, கேட், சாலை, எங்கேயும் நொண்டவில்லை.

அம்மா பிளாஸ்கோடு பின்னாலேயே ஓடிவந்து ஆட்டோவில் ஏறினாள். வண்டி கிளம்பித் திருப்பம் தாண்டியது. பிறகு என் முழங்காலில் கை வைத்தாள்.

"வலிக்கா?"

"உயிர் போவுதும்மா."

அம்மா திரும்பி ஒருமுறை சாலையைப் பார்த்துக்கொண்டாள்.

"யாருட்டயும் சொல்லிராத," என்றாள்.