முதல் முடிச்சு

பெண் பார்க்கப் போகும்போது ஆட்டோவிலேயே தம்பியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "பஜ்ஜி சாப்பிடு. காபி மட்டும் வேண்டாம்னு சொல்லிடு." அவனும் தலையாட்டினான். அடையாறில் அந்த வீட்டுக் கூடத்தில் பெண்ணே தட்டோடு வந்து எதிரில் நின்றதும் அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டது. டம்ளரை எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி காபி சட்டையில் இருந்தது. பெண்ணின் சித்தப்பா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் எங்கள் மந்தைவெளித் தெருமுனையில் இஸ்திரி போடுபவர் என்னை நிறுத்தினார்.

"யக்கா, ஒரு பெரியவரு வந்து உங்க தம்பி தண்ணி போடுவாரான்னு விசாரிச்சுகினு போனாரு. அதெல்லாம் கெடையாதுன்னேன். அப்ப கை ஏன் ஆடுதுன்றாரு. அதுக்கு நான் இன்னா சொல்றது?"

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அன்றே தம்பியைக் காலரைப் பிடித்து இழுக்காத குறையாக ஆழ்வார்பேட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். கல்லூரி நாளிலிருந்தே ஆடுகிற கைதான். பார்க்கின்சன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து தள்ளிப்போட்டிருந்தான். டாக்டர் கொசுவத்திச் சுருள் மாதிரி ஒன்று வரையச் சொன்னார். அவன் வரைந்தது உடைந்த ஜாங்கிரி. கையை மடியில் வைத்தால் ஆடவில்லை. எதையாவது எடுத்தால்தான் ஆட்டம்.

"இதுக்கு எசென்ஷியல் ட்ரெமர்னு பேரு. பார்க்கின்சன் வேற, இது வேற. ரொம்பப் பேருக்கு இருக்கும்மா, வெளியில சொல்றதில்ல. பதட்டப்பட்டா கூடும். மாத்திரையில கொஞ்சம் அடங்கும், முழுசாப் போகாது. வீட்டுல வேற யாருக்காவது உண்டா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். அப்பா. சாம்பார் ஊற்றும்போது அவர் கை நடுங்கும். கோபக்காரர், அதனால்தான் நடுங்குகிறது என்று வீடே முடிவு கட்டியிருந்தது. கரண்டி ஆட ஆரம்பித்தால் நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவோம். பாவம் அந்த மனுஷன், எத்தனை நாள் கோபமே இல்லாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாரோ.

அதன்பிறகு எங்கே போனாலும் கைகள்தான் கண்ணில் பட்டன. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மா சில்லறை நீட்டினால் நாணயங்கள் கிலுகிலுத்தன. கோயில் குருக்கள் கையில் தீபாராதனைத் தட்டு லேசாக ஆடியது. இத்தனை வருஷமாக இவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

தம்பி அந்தப் பெண்ணுக்குத் தானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். "இவ்ளோதானா? அரை டம்ளர் ஊத்தினா போதுமே" என்றாளாம். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று. சித்தப்பாவையும் அவளே சமாளித்தாள்.

ஆனால் தம்பிக்குத் தூக்கம் போயிற்று. தாலி கட்ட வேண்டுமே.

"சபையில கை ஆடினா குடிகாரன்னுதான் பேசுவாங்கக்கா. அவளுக்குத்தான் அசிங்கம்."

எங்கள் வழக்கத்தில் முதல் முடிச்சு மட்டும்தான் மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் அவன் அக்காவின் பொறுப்பு. "ஒண்ணே ஒண்ணு போட்டுடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன், பெரிய வீராங்கனை மாதிரி.

முகூர்த்தத்தன்று மாத்திரை போட்டும் கை ஆடியது. கெட்டிமேளம் முழங்க முழங்க மஞ்சள் கயிறு அவன் விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அட்சதையைப் போட்டுவிட்ட ஜனம் எட்டி எட்டிப் பார்த்தது. முன்வரிசையில் சித்தப்பா. மேளக்காரர் நல்ல மனுஷர், நிறுத்தாமல் வாசித்தார். ஒருவழியாக முடிச்சு விழுந்தது. தம்பி வேர்த்துப்போய் நின்றான்.

நான் குனிந்து கயிற்றின் நுனிகளை வாங்கினேன். பிடிபடவில்லை. என் விரல்களும் ஆடின. சந்தோஷத்தில் வந்த அழுகையா, அப்பா கொடுத்துவிட்டுப் போனதா, தெரியவில்லை.

தம்பி என் கையைப் பார்த்தான். "அக்கா, உனக்குமா?"

குனிந்த தலையை நிமிர்த்தாமல் மணப்பெண் சொன்னாள்.

"அண்ணி, மெதுவாவே போடுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல."