ஒத்து வருது சார்

செல்வராஜ் சார் போய்விட்டார். இன்று காலையில்... நெஞ்சுவலி என்கிறார்கள்.

ராஜபாளையத்தில் எங்கள் இன்டர்நெட் ஆபீசில் நெட்வொர்க் பார்த்தவர். நான் அங்கே வாட்ச்மேன்.

இதை நானே டைப் செய்கிறேன். எழுதப் படிக்கக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. ஒவ்வொரு எழுத்தும் கிடைக்கும்போது இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது... என்ன செய்ய.

முன்பு ஒரே கம்பெனி லைன். அது அறுந்தால் வத்திராயிருப்பு வரை நெட் கிடையாது. அதனால் இன்னொரு கம்பெனியிடமும் லைன் வாங்கினார்கள்.

அதை இணைத்த அன்று, எங்கள் மெஷின் எதை வெளியே சொல்லலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபில்டரைப் போட சார் மறந்துவிட்டார். முதல் கம்பெனி காட்டிய இடங்களுக்கெல்லாம் எங்கள் வழியாகப் போகலாம் என்று எங்கள் மெஷின் இரண்டாவது கம்பெனியிடம் சொல்லிவிட்டது. எங்கெங்கோ போக வேண்டிய டிராபிக் எல்லாம் எங்கள் சின்ன லைனுக்குள் வந்து... ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டிலும் நெட் நின்றுபோனது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வேலை பாத்துக்கிடும்" என்றார் முதலாளி.

மறுநாள் ஒரு பேப்பரோடு என்னிடம் வந்தார். எங்கள் ஆபீசின் இன்டர்நெட் முகவரிகள், எழுத்தும் நம்பருமாக நாலு வரி. அந்த நாலை மட்டும்தான் வெளியே சொல்ல வேண்டுமாம்.

"அண்ணாச்சி, இதுவும் ஸ்கிரீன்ல உள்ளதும் ஒண்ணு போல இருக்கான்னு பாருங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதே சார்."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நான் மனசுல இருக்கதைப் படிச்சிருவேன். நீங்க இருக்கதைப் பாப்பீங்க."

அதன் பிறகு எப்போது மாற்றினாலும் நான் பார்க்க வேண்டும். "ஒத்து வருது சார்" என்று சொன்ன பிறகுதான் எண்டர் தட்டுவார்.

ஒரு தடவை, "இது மட்டும் ஒடஞ்ச மாதிரி இருக்கு சார்" என்றேன். எட்டுக்குப் பதில் மூன்று. சார் அப்படியே சேரில் சாய்ந்துவிட்டார்.

"அடுத்தவன் முகவரியை நம்மளுதுன்னு சொல்லியிருப்பேன் அண்ணாச்சி. இன்னைக்கோட என் வேலை போயிருக்கும்."

நான் படிக்க ஆரம்பித்ததும் கேலி செய்தார். "அம்புட்டுதான், நீங்களும் எங்க ஆளாயிட்டீங்க. இனி கடைசி எழுத்துல இருந்து முன்னால பாத்துக்கிட்டு வாங்க, அப்பத்தான் மனசு முந்திக்கிட்டுப் படிக்காது."

பஸ் ஸ்டாண்ட் சுவரில் சாருக்கு அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அவர் பெயர் எழுதிய பழைய பேப்பர் ஒன்று என் பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, போஸ்டரில் இருந்த பெயரைக் கடைசி எழுத்திலிருந்து பார்த்தேன். எங்கேயாவது ஒன்று மாறியிருக்கும் என்று... இரண்டு தடவை பார்த்தேன்.

ஒத்து வருது சார்.

போயிட்டு வாங்க.