கட்டிய புலி, தரைதட்டிய படகு

நேற்று சாயங்காலம் சரியாக நாலு பத்துக்கு ஆட்டம் கெட்டது. என் மகன் கைப்பேசியில் பெட்டி தள்ளும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். அதில் பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒன்றை மூலைக்குத் தள்ளினான்.

"போச்சுடா! இனிமே ஜெயிக்கவே முடியாது!" என்று கத்திவிட்டேன்.

"இன்னாம்மா இப்டி பதர்ற? இன்னும் எவ்ளோ ஆட்டம் கீது!"

என் பதற்றத்துக்குக் காரணம் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறை. சிரிக்காதீர்கள். சின்ன வயதில் அங்கே யாரோ ஒரு துரையின் வழவழப்பான கல்லில்தான் நானும் அண்ணனும் கரியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடுவோம். காற்றில் கருவாட்டு வாசம் வரும்; இன்றும் எனக்கு அது விளையாட்டு வாசம்தான். எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. புலிகளுக்கு இனி வழியில்லை என்று முன்கூட்டியே தெரிந்தால் "கட்டு" என்று கூவலாம். தப்பாகக் கூவினால் தோல்வி.

ஒருநாள் எங்கள் அப்பா, நைனா, எங்களுக்குக் கொடுத்திருந்தது ஒரே வேலை: கடலோடு ஏறி இறங்கும் ஏரித் தண்ணீர் வடிவதற்குள் படகை ஆழத்துக்குத் தள்ளிவிட வேண்டும். எங்கள் ஊரில் வலை போடும் இடம் முறை வைத்து வரும், அதற்குப் பாடு என்று பேர். அன்று சாயங்காலம் நைனாவின் பாடு. தவறினால் அடுத்த முறைவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கல்லிலிருந்து பார்த்தால் படகு தெரியும். பார்த்தால்தானே!

"கட்டு!" என்று கூவினேன். அண்ணனின் புலிகளுக்கு இன்னும் நாலைந்து நகர்த்தல் மிச்சமிருந்தது. ஆனால் எங்கே போனாலும் என் ஆடுகள் மறித்து நிற்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. உடம்பே சிலிர்த்தது.

"இன்னா புள்ள, பூச்சி காட்றியா? ஆடிக் காட்டு."

ஒவ்வொன்றாக ஆடிக் காட்டினேன். மூன்று புலியும் அசைய முடியவில்லை. குதித்துக்கொண்டு திரும்பினால், படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. ஓடிப்போய்த் தள்ளினோம். தள்ளத் தள்ள இன்னும் புதைந்தது.

இப்போது முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, தண்ணீர் அப்படி ஏறி வடிவதில்லை. கல்லறைக்கு வேலி போட்டுவிட்டார்கள். அண்ணன் மீஞ்சூரில் ரயிலேறி வேலைக்குப் போகிறான். நைனா இல்லை.

அன்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த நைனா, படகைப் பார்த்தார். எங்கள் முழங்கால் சேற்றைப் பார்த்தார். கல்லருகே போய்க் குனிந்தார்.

"யாரு கட்னது?"

"நான்தான் நைனா."

வலையை மடியில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தார்.

"மூணு இல்ல புள்ள. நாலு புலி கட்டிக்கீற."