இருமல் இருந்தால் மட்டும்

இருமல் மருந்துக்கு ஒருவன் அடிமை என்றால் ஊர் சிரிக்கும். கஞ்சாவுக்காவது கொஞ்சம் மரியாதை உண்டு. தினமும் இரண்டு பாட்டிலைப் போதைக்காகக் குடித்துவிட்டு, துறைமுகத்தில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் நல்ல பிள்ளையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மனைவிக்குத் தெரிந்த அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு ஆலந்தலைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"சுத்தமா விட்டுட்டுச் சொல்லுங்க, வாரேன்" என்றாள் போனில்.

சுத்தமாக விடுவதெல்லாம் மனவலிமை இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது அப்போது என் கட்சி. முத்தையாபுரம் வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஆபீஸ் தாளில் விதிகள் எழுதி, வாட்ஸப்பில் அவளுக்கு அனுப்பினேன். இருமல் இருந்தால் மட்டுமே குடிப்பது. அதுவும் ஒரு மூடி. ஞாயிற்றுக்கிழமை அறவே கிடையாது. நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

கஸ்டம்ஸ் விதிகளில் சந்து கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். எதன் மூடி என்று விதியில் இல்லையே! ஃபிளாஸ்க் மூடியை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பங்கைச் சனிக்கிழமையே குடித்தேன். மிச்சமிருந்த ஒரே சிக்கல், இருமல் வரவில்லை. விதியை மீறலாமா? ஆகவே இருமினேன். நேர்மையான மனிதன் பாருங்கள், லேசான இருமலுக்கு மருந்து குடிக்க மனம் ஒப்பவில்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து இருமப் பழகினேன். காலையில் நான் தொடங்கினால் பக்கத்து வீட்டு நாயும் கூடவே குரைக்கும்.

மூன்றாவது வாரம் சுகாதார நர்ஸ் ஒரு சின்ன டப்பாவோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ரெண்டு வாரத்துக்கு மேல இருமுதீயன்னு தெருவுல சொல்லுதாவ. காசநோயான்னு பாத்துருவோம். இதுல சளி துப்பித் தாங்க."

துப்ப என்னிடம் சளியே இல்லை. அரைமணி நேரம் போராடி எச்சிலைக் கொடுத்தேன். "இன்னும் நல்லா இழுத்து" என்று அவர் வாசலில் நின்று உற்சாகப்படுத்தினார்.

பக்கத்து வீட்டம்மா சும்மா இருப்பாரா? ஆலந்தலைக்குப் போன் போட்டுவிட்டார். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு மறுநாளே மனைவி வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. கஞ்சி வைத்தாள், முதுகைத் தடவினாள். நான் கூச்சமே இல்லாமல் இருமினேன். காசநோயே வந்தாலும் சரி, இவள் இங்கே இருந்தால் போதும் என்று இருந்தது.

நான்காம் நாள் நர்ஸ் வந்து, கிருமி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி "மாதாவே" என்று சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அதே மருந்து.

"டாக்டர் சீட்டு இல்லாமத் தர மாட்டேன்னுட்டான். நாலு கடை ஏறிக் கெஞ்சி வாங்குனேன். இருமி இருமி நெஞ்சு வலிக்குமே உங்களுக்கு. நீங்க எழுதுனாப்புல ஒரு மூடி மட்டும் குடிங்க."

அளந்தும் நீட்டினாள். அன்று ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. என் விதிகளில் ஒன்றுகூட மறுப்புச் சொல்லவில்லை. என் கை பாதி தூரம் போய்விட்டது. ஒரு சொட்டும் சிந்தாமல் அவள் அதை ஏந்தி நின்றதைப் பார்த்த பிறகுதான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

"ஏளா, எனக்கு இருமலே கிடையாது."

"பெறவு?"

"இருமுனாத்தான குடிக்கலாம்னு எழுதிவச்சேன்."

மூடியையும் பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தாள்.

"என்னால அளந்து குடிக்க முடியாது. ஒரு சொட்டும் ஆவாது. பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன்.

"கெளம்புங்க" என்று தன் பையையும் எடுத்துக்கொண்டாள். எனக்குப் பகீரென்றது. சாலையின் இந்தப் பக்கம் நின்றால் திருச்செந்தூர் பஸ், அவள் அம்மா வீடு. அந்தப் பக்கம் போனால் ஆஸ்பத்திரி பஸ். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சாலையைக் கடந்தாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் போய், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. கண்டக்டரிடம் எனக்கான சில்லறையை நீட்டினேன்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "அங்கன இருக்க அக்கா ஒங்களுக்கு டிக்கெட் எடுத்துட்டாவ."