பாதி தைராய்டும் ஒரு குலவையும்

"அரைகுறை வேலையெல்லாம் வேணாம் சார். மொத்தத்தையும் எடுத்துருங்க" என்று ராக்கம்மாவின் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்யப்போவது நானா அவரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். ராக்கம்மாவுக்குத் தைராய்டின் வலது பாதியில் சுண்டைக்காய் அளவு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் கேன்சர். ஸ்கேனில் இடது பாதி சுத்தம், நெறிக்கட்டும் இல்லை. இந்த மாதிரி சின்னக் கேன்சருக்குப் பாதியை எடுத்தாலே பெரும்பாலும் போதும். முழுசாக எடுத்தால் ஆயுசுக்கும் மாத்திரை, குரல் நரம்புகளுக்கும் இரண்டு பக்கமும் ஆபத்து. பாதியை விட்டுவைத்தால் அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும். எடுத்த பாதியின் பயாப்ஸி மோசமாக வந்தால் மறுபடியும் கத்தி. இதைச் சொன்னதும்தான் மனுஷன் பிடித்துக்கொண்டார்.

"கோரையப் பாதில விட்டா மறுபடி முளைக்காதா சார்?"

வயலில் கோரைப் புல்லோடு மல்லுக்கட்டிய யாரும் அப்படித்தான் கேட்பார்கள். "கோரை முளைச்ச வயல மொத்தமா எடுக்கத்தான் போறேன் அண்ணே. வரப்புக்கு அந்தப் பக்கம் சுத்தமா இருக்கறத எதுக்கு அழிக்கணும்?" என்றேன். அவர் மசியவில்லை.

கழுத்து ராக்கம்மாவுடையது. அவர் பக்கம் திரும்பி, பாடுவீர்களா, டீச்சர் வேலையா என்று குரல் பற்றிய வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். காட்டு வேலைதான் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"முளைப்பாரிக்கு மொதக் குலவை நாந்தேன் சார் போடுவேன். அது போயிருமா?"

அடேயப்பா, இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! உச்சக் குரலுக்கென்றே தைராய்டின் மேல்முனையை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு உண்டு. எப்படி எடுத்தாலும் உத்தரவாதம் தர முடியாது, பாதி எடுத்தால் ஒரு பக்கத்துக்குத்தான் ஆபத்து என்று உள்ளதைச் சொன்னேன். கணவரே குரலை இறக்கிச் சொன்னார். அந்தக் குலவை இல்லாமல் அவர் ஊரில் முளைப்பாரி ஊர்வலமே கிளம்பாதாம்.

"பாதியே எடுங்க சார். ஸ்கேனுக்குக் கூப்பிடுறப்பல்லாம் வாரேன்" என்றார் ராக்கம்மா.

ஆபரேஷனில் அந்த நரம்பைத் தேடி ஒதுக்கிவிட்டுத்தான் மேல்முனை ரத்தக்குழாயைக் கட்டினேன். மறுநாள் பேச்சு நன்றாக வந்தது. குலவை போட்டுப் பார்க்க மட்டும் பயந்தார்.

தையல் ஆறி ரிவ்யூவுக்கு வந்தபோது பயாப்ஸியும் வந்திருந்தது. இனி கத்தி வேண்டாம் என்றேன். கணவர் மெதுவாக, "போடு புள்ள" என்றார்.

ஓபி அறை அதிர ராக்கம்மா குலவை போட்டார். செக்யூரிட்டி ஓடிவந்தார், டோக்கனோடு காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சந்தோஷத்தில் கை தட்டிவிட்டேன்.

இப்போதெல்லாம் பாடுவீர்களா என்று நான் கேட்பதில்லை. சத்தம் போட்டு என்னவெல்லாம் செய்வீர்கள் என்று கேட்கிறேன். மாட்டைக் கூப்பிடுவேன் என்கிறார்கள், மாமியாரோடு மல்லுக்கு நிற்பேன் என்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகுதான் பாதியா முழுசா என்ற பேச்சையே எடுக்கிறேன்.